ஊமத்தை இலைப் புகையிலிருந்து இன்ஹேலர் வரை: ஆஸ்துமாவின் கதை

1/ "இன்ஹேலர் போட்டா பழகிடும், அப்புறம் விடவே முடியாதாமே டாக்டர்? மாத்திரையே குடுத்துடுங்களேன்." வீசிங் உள்ள குழந்தையின் அம்மாவோ, பல வருஷமா இழுப்போடு இருக்கும் பெரியவரோ இதைக் கேட்காத வாரமே இல்லை. ஒரு வரியில் பதில் சொல்லிடலாம். ஆனா இந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/ நோய் ரொம்பப் பழசு. 'ஆஸ்துமா' என்பது மூச்சு வாங்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சரக சம்ஹிதையில் 'தமக சுவாசம்' என்று வருகிறது. நம்ம ஊரில் இரைப்பு, இழுப்பு, ஈளை என்று பல பெயர்.

3/ இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இரைப்பு குறையும் என்பது இங்கே புழக்கத்தில் இருந்த வைத்தியம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை அறிந்து பயன்படுத்தினார். 1802 வாக்கில் ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி வழியாக இது பிரிட்டனுக்குப் போனது.

4/ அப்புறம் என்ன? ஐரோப்பா முழுக்க 'ஆஸ்துமா சிகரெட்' வியாபாரம்! சிறு வயதிலிருந்தே ஆஸ்துமாவால் அவதிப்பட்ட பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் அந்தப் புகையோடுதான் வாழ்ந்தார். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் வகைப் பொருள்கள் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் என்பது உண்மை. இன்று நெபுலைசரில் போடும் இப்ராட்ரோபியம் அட்ரோபினிலிருந்து உருவாக்கியதுதான். அதுக்காக யாரும் ஊமத்தையைத் தொடாதீங்க. அது விஷம். அளவு மீறினால் சித்தம் கலங்கும், உயிரும் போகும்.

5/ 1860-ல் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் ஆஸ்துமா பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவரும் ஆஸ்துமா நோயாளிதான். அவர் பரிந்துரைத்த வைத்தியங்களில் ஒன்று ஸ்ட்ராங் காபி! காபியின் கஃபீனும் பிற்பாடு வந்த தியோஃபிலின் மாத்திரையும் ஒரே குடும்பம். 1903-ல் அட்ரினலின் ஊசி வந்தது.

6/ கவனிச்சீங்களா? இது எல்லாமே ஒரே எண்ணத்தில் நின்றது: 'மூச்சுக்குழாய் சுருங்குது, அதை விரிச்சு விட்டா போதும்.' இடையில் 20-ம் நூற்றாண்டின் நடுவில், ஆஸ்துமா மனசால் வரும் நோய் என்று ஒரு கூட்டம் சொன்னது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தால் சரியாகும் என்றுகூட வைத்தியம் செய்தார்கள். பாவம், அந்தத் தாய்மார்கள்.

7/ 1955. அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடி நெபுலைசரை ரப்பர் பந்தால் அழுத்தி அழுத்தி அலுத்துப்போன அவள், "ஹேர் ஸ்ப்ரே மாதிரி இதையும் டப்பாவில் அடைக்க முடியாதா அப்பா?" என்ற அர்த்தத்தில் கேட்டாள். அடுத்த வருஷமே, 1956-ல், அளவாக மருந்து பீய்ச்சும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது.

8/ இனிமேதான் முக்கியமான கட்டம். 1960-களில் இங்கிலாந்து, வேல்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென ஏறின. இங்கிலாந்து, வேல்ஸில் 10 முதல் 14 வயதுக்காரர்களிடம் ஏழே வருஷத்தில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. 1966-ல் அந்த வயதில் இறந்தவர்களில் 7 சதவீதம் பேர் ஆஸ்துமாவால் போனவர்கள்.

9/ ஆய்வாளர்கள் தேடியபோது, சாவு கூடியதும் ஐசோபிரெனலின் இன்ஹேலர் விற்பனை கூடியதும் ஒன்றாகவே போயிருந்தன. குறிப்பா, ஐந்து மடங்கு வீரியமுள்ள 'ஃபோர்ட்டே' வகை. அது விற்காத அமெரிக்காவில் இப்படிச் சாவு ஏறவில்லை. 1967-ல் எச்சரிக்கை வந்தது, 1968-ல் டாக்டர் சீட்டு கட்டாயமானது, மரணங்கள் இறங்கின.

10/ ஏன் செத்தார்கள்? வீரிய மருந்து இதயத்தைப் பாதித்தது ஒரு விளக்கம். இன்னொன்று: பம்ப் அடிச்சதும் சுகமாகுது, அதை நம்பி ஆஸ்பத்திரி போகாம வீட்டிலேயே அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. உள்ளே நோய் முத்திக்கொண்டே போனது.

11/ உள்ளே என்ன நோய்? 1958-ல் டாக்டர் ஹாரி மோரோ பிரவுன், சளியில் ஈசினோஃபில் செல்கள் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்வதைக் காட்டினார். அதாவது ஆஸ்துமா வெறும் சுருக்கம் இல்லை, மூச்சுக்குழாயின் உள்சுவரில் தொடர்ந்து இருக்கும் அழற்சி. உள்ளே வீங்கிய குழாயை வெளியே விரிச்சு மட்டும் என்ன பயன்?

12/ ஆனா ஸ்டீராய்டு மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், எலும்பு பலவீனமாகும், குழந்தையின் வளர்ச்சி தடைபடும். 1972-ல் விடை வந்தது: பெக்ளோமெத்தசோன் இன்ஹேலர். மருந்து தேவையான இடத்துக்கே, மைக்ரோகிராம் அளவில். மூன்று வருஷம் முன்னாடி, 1969-ல், சால்பியூட்டமால் வந்திருந்தது. இரண்டுமே டேவிட் ஜாக் குழுவின் உழைப்பு.

13/ பலன்? கனடாவில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த 2000-ம் ஆண்டு ஆய்வு: வருஷத்தில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் மரண விகிதம் 21 சதவீதம் குறைந்தது. பின்லாந்து 1994-ல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரி சேர்க்கையும் சாவும் நன்றாக இறங்கின.

14/ 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டியான 'ஜினா' தெளிவாகச் சொன்னது: 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு சால்பியூட்டமால் மட்டும் கொடுக்கும் சிகிச்சை இனி வேண்டாம். இன்ஹேலர் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கணும்.

15/ இப்ப அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை ரத்தம் முழுக்கச் சுற்றி நெஞ்சு படபடக்க வைக்கும். எது லேசானது, நீங்களே சொல்லுங்க. 'பழக்கம்' என்று நாம் நினைப்பது மருந்தின் போதை இல்லை, நோய் நீண்ட காலம் இருப்பது. சுகர் மாத்திரையை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லையே?

16/ நினைவில் வைக்க:
- இருமல் எல்லாம் ஆஸ்துமா இல்லை. வந்து வந்து போகும் வீசிங், இரவிலோ விடியற்காலையிலோ அதிகமாகும் இருமல், நெஞ்சிறுக்கம் இருந்தால் பரிசோதியுங்கள்.
- ஸ்பைரோமெட்ரியில் மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்ப்பார்கள். 5 வயதுக்குள் பெரும்பாலும் அதைச் செய்ய முடியாது, அறிகுறிகளை வைத்தே முடிவெடுப்போம்.
- குழந்தைக்கு ஸ்பேசர் கட்டாயம். ஸ்டீராய்டு பம்புக்குப் பின் வாய் கொப்பளிக்கணும்.
- சுகமாயிடுச்சுன்னு தடுப்பு மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்தான் படிப்படியா குறைப்பார்.
- பேச முடியாத மூச்சுத்திணறல், உதடு நீலம், பம்ப் அடிச்சும் அடங்காத இழுப்பு: உடனே ஆஸ்பத்திரி. பம்பை வழியிலும் அடிக்கலாம், ஆனா அதை நம்பி வீட்டிலேயே உட்காராதீங்க.

17/ 1960-களில் போன அந்தப் பிள்ளைகள் கையிலும் இன்ஹேலர் இருந்தது. அழற்சியை அடக்கும் மருந்து அதில் இல்லை. இன்று அது உங்க ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்குது. பயந்து ஒதுக்கிடாதீங்க.