லமாண்ட் நூலகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்ட் பல்கலைக்கழக வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் அமைந்து, 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட கல்லூரி நூலகம். இளநிலை மாணாக்கரின் தேவையை மட்டுமே உத்தேசித்து அந்நாட்டில் தனியாக எழுப்பப்பட்ட முதல் பல்கலைக்கழக நூலகம் என்பதே இதன் பிரதான சிறப்பாகும்.

டைட்டானிக் கப்பலோடு 1912-இல் மாண்ட புதல்வனின் ஞாபகார்த்தமாக ஓர் அன்னை கட்டுவித்த வைடனர் நூலகம், 1915 முதல் அப்பல்கலைக்கழகத்தின் ஞானபண்டாரமாக விளங்கிற்று. எனினும், அதன் அடுக்ககங்களுக்குள் சென்று தாமே நூல் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் ஆசிரியர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் வாய்த்ததேயன்றி, இளநிலை மாணாக்கர்க்குப் பொதுவாக வாய்க்கவில்லை. வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருப்பவன், தான் அறிந்த நூலைப் பெறுவானே தவிர, அறியாத நூலொன்றைத் தற்செயலாகக் கண்டெடுக்கும் இன்பத்தை எங்ஙனம் பெறுவான்? 1937-இல் நூலகத் தலைமையை ஏற்ற கீஸ் மெட்காஃப் இக்குறையை ஆழ உணர்ந்தார். இடநெருக்கடியைத் தீர்க்க வைடனரையே பெருக்குவதை விடுத்து, அரிய நூல்களுக்கு ஒன்று, அதிகம் வழங்காத நூல்களுக்கு ஒன்று, இளைஞர்க்கு ஒன்று எனத் தனித்தனிக் கட்டடங்கள் வேண்டுமென்பது அவர் அபிப்பிராயம். வங்கியாளர் தாமஸ் லமாண்ட் 1945-இல் அளித்த 15 லட்சம் டாலர் நன்கொடை, அவற்றுள் இளைஞர்க்கான கட்டடத்துக்கு வழி திறந்தது. ஹென்றி ஷெப்லியின் வரைபடத்தில், பாட நூல்களும் பொது நூல்களும் கைக்கெட்டும் திறந்த அலமாரிகளில் இடம்பெற்றன.

கலையின்பத்துக்கு இந்நூலகம் அளித்த ஸ்தானம் தனியே கூறத்தக்கது. வைடனரில் முன்னரே இருந்த இரண்டு அறைகள் இங்கே குடிபெயர்ந்தன. அவற்றுள் ஒன்று, முதல் உலக யுத்தத்தில் உயிர்நீத்த பழைய மாணவர் ஹென்றி ஃபார்ன்ஸ்வொர்த்தின் நினைவாக 1916-இல் ஏற்பட்டு, பரீட்சைக்காக அன்றி மனமகிழ்ச்சிக்காகவே படிப்பதற்கென ஒதுக்கப்பட்டது. மற்றொன்று, கவிஞரும் விமரிசகருமான ஜார்ஜ் எட்வர்ட் உட்பெரியின் பெயரால், ஹாரி ஹார்க்னஸ் ஃபிளாக்லரின் கொடையைக் கொண்டு 1931-இல் தொடங்கிய கவிதை அறை.

கவிதை செவிக்கும் உரியது என்னும் உண்மையை மேலைநாட்டுக் கல்விக்கூடமொன்று இத்துணை சிரத்தையுடன் போற்றியது அபூர்வம். பேச்சுக்கலைப் பேராசிரியர் ஃபிரெடரிக் பாக்கர்ட் 1933-இல் தொடங்கிய ‘வோகேரியம்’ என்னும் இசைத்தட்டு வரிசைக்கு, அப்பொழுது ஹார்வர்டில் சொற்பொழிவாற்ற வந்திருந்த டி. எஸ். எலியட் தம் கவிதைகளைத் தம் குரலிலேயே வாசித்து அளித்தார். 1939-இல் எஸ்ரா பவுண்டும் வாசித்தார். புத்தகத்தில் அச்சேறிய வரி எங்கே தயங்குகிறது, எங்கே விரைகிறது என்பதை இயற்றியவர் வாயிலாகவே கேட்டறியும் வாய்ப்பு, இவ்வாறு சாதாரண மாணவனுக்கும் கிட்டியது. இத்தட்டுகளைப் பிறர்க்கு இடையூறின்றிக் கேட்பதற்கான சுழல்மேசைகளும் காதொலிக் கருவிகளும் அமைந்த புதிய அறையை, வெளிர்நிற மரத்தின் மென்மை துலங்க வடிவமைத்தவர், பின்லாந்தின் கீர்த்திமிக்க கட்டடக்கலைஞர் ஆல்வர் ஆல்டோ.

இத்தனை தாராள நோக்குடன் எழுந்த நூலகம், பெண்களுக்குத் தன் வாசலை 1967 வரை அடைத்தே வைத்திருந்தது. அருகிலிருந்த ராட்கிளிஃப் கல்லூரி மாணவியர், ஹார்வர்ட் ஆசிரியர்களிடமே பாடம் கேட்டும், அப்பாடத்துக்குரிய நூல்கள் நிறைந்த இக்கூடத்தில் அமரும் உரிமை பதினெட்டு ஆண்டுகள் பெறாதிருந்தனர். இடப்பற்றாக்குறை முதலிய சமாதானங்கள் எவையாயினும், இதனை அநீதி என்றே எழுதுதல் வேண்டும்.

2005 முதல் கல்வியாண்டின் வாரநாட்களில் இரவு முழுவதும் திறந்திருக்கும் வழக்கம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு சிற்றுண்டிச்சாலையும் சேர்ந்தது. வோகேரியம் வரிசை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணும் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2003-ஆம் ஆண்டுக்குரியவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. 2006-இல் கவிதை அறையைச் சீரமைத்தபோது, ஆல்டோவின் அமைப்பு சிதைகிறதென்று கட்டடக்கலை அன்பர்கள் வருந்தி எதிர்த்தனர். பழைய பதிவுகள் பலவற்றை இப்பொழுது இணையத்தின் வழியே எங்கிருந்தும் கேட்கலாம். கவிஞர்கள் நேரில் வந்து வாசிக்கும் அரங்குகளை நடத்தி, அவர்தம் குரலைப் பதிவு செய்து எலியட்டின் குரலிருக்கும் அதே சேகரத்தில் சேர்க்கும் பணியும் நடைபெற்று வருகிறது.