நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமம்

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், பீதுருதாலகாலை மலையின் அடியில் அமைந்தது நுவரெலியா. அங்கே பழைய கல்லறைகள் சூழ நிற்கின்றது பரிசுத்த திரித்துவத் தேவாலயம். 1852ஆம் ஆண்டு பெப்ருவரி 24ஆம் நாள், கொழும்பின் முதலாவது அங்கிலிக்கன் அத்தியட்சராகிய சாப்மன் அதனை அர்ப்பணஞ் செய்து வைத்தார். அமைதி நிறைந்த அம்முற்றத்தில் நிற்போர் இங்கிலாந்து நாட்டுப்புறமொன்றுக்கு வந்துவிட்டதாகவே எண்ணுவர். அத்தோற்றம் தற்செயலாக அமைந்ததன்று; இம்மலைமீது ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நாட்ட முனைந்தோர் இருந்தனர்.

1819ஆம் ஆண்டில் மருத்துவர் ஜோன் டேவி இப்பகுதியைக் கண்டு எழுதினார். பின்னர்த் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் இதனை நோயுற்ற படைவீரர் உடல்நலம் பெறும் இடமாக்கினார். 1847இல் காய்ச்சலால் மெலிந்த சாமுவேல் பேக்கர் என்பார் இங்கு வந்து நலம்பெற்றார். இக்குளிர்ந்த காற்றில் ஆங்கில உழவர் வாழலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அடுத்த ஆண்டே தம் சகோதரருடன் கூடி, பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர் முதலியோரையும், உயர்ந்த இனக் கால்நடைகளையும், வேளாண்மைக் கருவிகளையும், விதைகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். மாகாஸ்தோட்டையில் காடு வெட்டப்பட்டது, கலப்பை இறங்கியது.

ஆயினும் தொடக்கமே இடர் நிறைந்ததாயிற்று. அரிதிற் கொணர்ந்த டர்காம் இனப் பசு மலைப்பாதையிலேயே இறந்தது. உருளைக்கிழங்கைப் புழுக்கள் அரித்தன. ஓட்சுப் பயிரை மரைகளும் காட்டுப் பன்றிகளும் மேய்ந்தன. தொழுவத்திலே நோய் புகுந்தது. காடு செழித்திருந்தமையால் மண்ணும் செழிப்புடையதென முதலில் நம்பினர். மேல்மண் மெல்லியது என்பதும், எருவின்றி அது பயன் தராது என்பதும் பட்டபின்னரே தெளிவாயின. 1855இல் பேக்கர் இலங்கையை நீங்கினார். அவர் குடும்பத்தாரின் பண்ணை பின்னரும் நடந்ததெனினும், ஆங்கில உழவர் கிராமம் ஒன்று மலைமேல் வேரூன்றவில்லை. மாகாஸ்தோட்டையும் காலப்போக்கில் தேயிலைத் தோட்டமாயிற்று.

வேரூன்றியவர் வேறொரு மக்கள். கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆள் மிகுதியாக வேண்டியிருந்தது. ஆகவே வந்தோர் மீண்டும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. காமன் கூத்து ஆடப்பட்டது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்களும் தோட்டந்தோறும் சென்று போதித்தனர்.

இங்கு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. லயன்களின் பின்புறத்துச் சிறு துண்டு நிலங்களில், நாள்வேலை முடித்த ஆணும் பெண்ணும் கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிட்டனர். மாடு வளர்த்து, அதன் எருவையே மண்ணுக்கு இட்டனர். பேக்கர் பெரும் பொருள் செலவிட்டுக் கற்ற பாடத்தை இவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். நுவரெலியா இன்று மரக்கறிக்குப் பெயர்பெற்று விளங்குவதில் இக்கைகளுக்கும் பங்குண்டு.

எனினும், குடியேற வந்தவர்க்கு நிலம் எளிதிற் கிடைத்தது. உழைக்க வந்தவர்க்கு அது கிடைக்கவில்லை. பேக்கரின் கப்பல் வந்து சரியாக நூறாண்டு கழிந்த 1948இல் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் நடந்த நினைவு நடையிலும், வீட்டுக்கும் காணிக்கும் உரிமை வேண்டும் என்னும் குரல் ஒலித்தது. அக்கோரிக்கை இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை.

நுவரெலியாக் குழிப்பந்துத் திடலருகே, 1845இல் இடியால் இறந்த மேஜர் றொஜர்ஸ் என்பாரின் கல்லறை உள்ளது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனப் பேசப்படும் அவருக்குக் கல்லும் பெயரும் உண்டு. வடக்குப் பாதையில் விழுந்தோர்க்கும், தேயிலைச் செடிகளின் அடியில் உறங்குவோர்க்கும் அவை இல்லை. அவர் பெயர்கள் தோட்டத்துச் செக்றோல் ஏடுகளிலும் முதியோர் நினைவிலுமே தங்கியுள்ளன. ஏடுகள் செல்லரிக்கின்றன; முதியோரும் நாளும் குறைகின்றனர். பாட்டன் பாட்டியரிடம் கேட்டு அப்பெயர்களை எழுதி வைத்தல் கற்ற இளைஞர் கடனாகும். கல்லில் எழுதப்படாதோரின் வரலாற்றைத் தாளிலேனும் எழுதாவிடின், அம்மலைகளை விளைநிலமாக்கியவர் யாரென்பதைப் பின்வருவோர் அறியமாட்டார்.