குவாண்டம் சாவிப் பகிர்வு

குவாண்டம் சாவிப் பகிர்வு என்பது மறையாக்கத்துக்கு வேண்டிய இரகசியச் சாவியை ஃபோட்டான்களின் குவாண்டம் நிலைகள் வழியாக இரு தரப்பினர் பகிர்ந்துகொள்ளும் தொடர்பாடல் முறையாகும்.

வகைகள்: தயாரித்து அளக்கும் முறை, பின்னல் நிலை முறை என இருவகைப்படும். முன்னதற்கு பென்னட்டும் பிரசார்டும் 1984இல் வெளியிட்ட பிபி84 நெறிமுறையும், பின்னதற்கு எகெர்ட் 1991இல் முன்மொழிந்த நெறிமுறையும் அடிப்படை. சாவி ஒளியிழை, திறந்தவெளி, செயற்கைக்கோள் ஆகிய வழிகளில் அனுப்பப்படுகிறது.

இயல்புகள்: அறியப்படாத குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க இயலாது. இடைமறித்து அளந்தால் நிலை குலைந்து பிழைவீதம் உயரும். அதனால் ஒட்டுக்கேட்பு வெளிப்படும். ஒளியிழையில் ஏற்படும் இழப்பு தொலைவைக் கட்டுப்படுத்துகிறது. இத்தடையைக் கடக்க உதவக்கூடிய குவாண்டம் மீட்டுருவாக்கிகள் இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளன.

வரலாறு: சீனா 2016இல் ஏவிய மிசியஸ் செயற்கைக்கோள் கண்டங்களுக்கு இடையிலான சாவிப் பகிர்வுக்கு வழிவகுத்தது. இந்தியாவில் 2021இல் இஸ்ரோ 300 மீட்டர் திறந்தவெளியில் இதைச் செய்துகாட்டியது. 2022இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பும் டெல்லி ஐஐடியும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியிழையில் நிகழ்த்தின. 2023இல் ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் தொடர்பாடல் மையம் சென்னை ஐஐடியில், சி-டாட் நிறுவனத்துடன் இணைந்து அமைக்கப்பட்டது. 2,000 கிலோமீட்டர் தொலைவுக்கான பாதுகாப்பான தொடர்பு அத்திட்டத்தின் இலக்குகளில் ஒன்று.

முக்கியத்துவம்: ஷோர் 1994இல் கண்ட படிமுறை, போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினியில் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தை உடைக்கவல்லது. சாவிப் பகிர்வின் பாதுகாப்போ கணக்கீட்டுக் கடினத்தைச் சாராமல் இயற்பியல் விதிகளைச் சார்ந்தது. எனினும் கருவிக் குறைபாடுகள் தாக்குதலுக்கு இடமளிக்கலாம்.