ஒரே எஞ்சினுக்கு இரண்டு வாசல்



தோட்டத்தில் புல் வெட்டுவோர் தோளில் சுமந்து போகும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அதன் சிலிண்டர்ச் சுவரில் ஓட்டைகள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அவற்றை மூடித் திறக்கும். கார் எஞ்சினில் இருப்பது போன்ற வால்வு வரிசை அதற்குத் தேவையில்லை. இன்று நாம் பேசப்போகும் எஞ்சினும் அப்படி ஓட்டைகளை நம்பி வாழ்வதுதான். ஆனால் அதில் பிஸ்டனே கிடையாது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெல் என்பவரின் சிந்தனையில் பிறந்தது அது. என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957ஆம் ஆண்டு முதன்முதலாக ஓடியது. இடை சிறுத்த நிலக்கடலை ஓடு போன்ற ஒரு கூடு. அதனுள்ளே முக்கோண வடிவில் ஒரு சுழலி. சுழலியின் மூன்று முனைகளும் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே சுற்றும். உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றுதல் என்ற நான்கு வேலைகளும் அந்தச் சுற்றிலேயே முடிந்துவிடும்.

சரி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே நுழைய வாசலை எங்கே வைப்பது? இந்தக் கேள்விதான் பொறியாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது.

வளைந்த வெளிச்சுவரில் வைத்தால் கலவை நேராகப் பாய்ந்து வரும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மூச்சு முட்டாது. பந்தயத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த வாசல் சரியாக மூடுவதே இல்லை. சுழலியின் முனை அதைக் கடக்கும் கணத்தில் மட்டுமே மறைப்பு. அதனால் புகை வெளியேறும் வாசலும் கலவை நுழையும் வாசலும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்து கிடக்கும். மெதுவாக ஓடும்போது எரிந்த புகை புதிய கலவையோடு கலந்துவிடும். எஞ்சின் குலுங்கும், இருமும். சந்தைக்குப் போய்வர வைத்திருக்கும் காருக்கு இது ஆகாது.

தட்டையான பக்கச்சுவரில் வாசலை வைத்தால் நிலைமை வேறு. சுழலியின் பக்கமே கதவாகி, வேண்டிய நேரம் வரை அதை மூடி வைக்கும். புகை அதிகம் கலக்காது. எஞ்சின் அமைதியாக நிற்கும். ஆனால் கலவை திரும்பி வளைந்து நுழைய வேண்டும். ஆகவே, வேகம் கூடக் கூட உள்ளே வருவது போதாமல் போகும்.

என்.எஸ்.யு. நிறுவனம் 1967இல் வெளியிட்ட ரோ 80 என்ற காரில் வெளிச்சுவர் வாசலே இருந்தது. ஹிரோஷிமாவின் தோயோ கோக்யோ, அதாவது மாஸ்டா கார்களைச் செய்த நிறுவனம், அதே ஆண்டு கோஸ்மோ ஸ்போர்ட் என்ற காரைப் பக்கச்சுவர் வாசலுடன் கொண்டுவந்தது. ஜப்பானிய அரசாங்கம் சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைத்துவிட எண்ணிய காலம் அது. தனக்கென ஒரு தனி எஞ்சின் இல்லாவிட்டால் பெயரே அழிந்துபோகும் என்ற அச்சம் ஹிரோஷிமாவில் இருந்தது. கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளரின் தலைமையில் 47 பேர் இரவு பகலாக உழைத்தார்கள். சுழலியின் முனைகள் சுவரில் கீறிய கோடுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிசாசின் நகக்கீறல்’. எவ்வளவு நொந்திருந்தால் அப்படிப் பெயர் வைத்திருப்பார்கள்!

காரை விற்றால் மட்டும் போதுமா? இது உழைக்கும் எஞ்சின் என்று உலகம் நம்ப வேண்டாமா? 1968 ஆகஸ்டில் ஜெர்மனியின் நியூர்புர்க்ரிங் தடத்தில் நடந்த மாரத்தான் டி லா ரூத் என்ற 84 மணி நேர ஓட்டத்துக்கு இரண்டு கோஸ்மோ கார்களை அனுப்பினார்கள். அவற்றின் எஞ்சினில்தான் நம் தலைப்பின் விடை இருந்தது: பக்கச்சுவரிலும் வெளிச்சுவரிலும் வாசல்கள்! மெதுவாக ஓடும்போது பக்க வாசல் வேலை செய்யும். வேகம் ஏறியதும் குழாயினுள் ஒரு தகடு திரும்பி, வெளிச்சுவர் வாசலுக்கு வழிவிடும். நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காகச் சக்தியையும் 130 குதிரைத்திறன் அளவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மூன்று பகல் மூன்று இரவுக்கும் மேலான ஓட்டம். ஜப்பானியர் ஓட்டிய கார் 82ஆம் மணியில் அச்சு பழுதாகி விலகியது. பழுது எஞ்சினில் அல்ல. பெல்ஜியத்தார் ஓட்டிய கார் நான்காவதாக வந்து சேர்ந்தது.

அப்படியானால் கடையில் விற்ற கார்களுக்கெல்லாம் இந்த இரட்டை வாசலைக் கொடுத்தார்களா? இல்லை. தகடு மூடியிருந்தாலும் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் மிஞ்சும். அதில் புகை தங்கிப் புதிய கலவையோடு சேரும். ஆகவே 1980களின் தொடக்கத்தில் வேறு வழி கண்டார்கள். எல்லா வாசல்களையும் பக்கச்சுவரிலேயே வைத்து, சுழலி ஒன்றுக்கு மூன்று, ஆக இரண்டு சுழலிக்கு ஆறு என்று அமைத்தார்கள். வேகம் கூடும்போது வெளியேறும் புகையின் அழுத்தமே மூன்றாம் வாசலைத் திறந்துவிடும்.

பந்தயப் பட்டறைகளிலோ சிலர் பக்க வாசலுக்கு மேலே புருவம் போல இன்னொரு துளை வெட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய இரும்புப் பாலம் நிற்கும். அதை அளவுக்கு மீறி மெலிய வைத்தால் உடையும்.

1991 ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டா 787பி வென்றது. அங்கே வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் அதுதான். நான்கு சுழலிகள் கொண்ட அதன் எஞ்சினில் இருந்தவை வெளிச்சுவர் வாசல்கள் மட்டுமே. இரட்டை வாசலுக்குப் பதிலாக, காற்றுக் குழாயையே வேகத்துக்குத் தக்கபடி நீட்டவும் குறுக்கவும் செய்திருந்தார்கள். 2003இல் வந்த ஆர்எக்ஸ்-8 சாலைக்காரில் புகை வெளியேறும் வாசலையும் பக்கச்சுவருக்கே மாற்றினார்கள். நுழைவாசலும் புகைவாசலும் ஒன்றாகத் திறந்து கிடக்கும் நேரம் அதில் இல்லாமலே போயிற்று.