அடிநாதம் பிடித்தவர்களின் பெயர் எங்கே?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் ஒன்றில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சின்னக் கேள்வியோடு தொடங்குகிறேன். உங்களுக்குப் பிடித்த இளையராஜா பாடல் ஒன்றை மனத்துக்குள் ஓட விடுங்கள். பாடியவர் யார்? உடனே சொல்லிவிடுவீர்கள். எழுதியவர்? கொஞ்சம் யோசித்துச் சொல்வீர்கள். படத்தின் பெயர், நடித்தவர், வெளிவந்த ஆண்டு எல்லாம் தானாக வரும். சரி, அந்தப் பாட்டின் அடியில் கனமாக ஓர் ஒலி நடந்துகொண்டே இருக்கிறதே, அதை வாசித்தவர் யார்?

பெரும்பாலோர் மௌனமாகிவிடுவோம். அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்த ஒலிக்குச் சொந்தமான கருவி பேஸ் கித்தார். நான்கே கம்பிகள். சாதாரணக் கித்தாரின் ஆகத் தடித்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்ந்தால், பேஸ் கித்தாரின் ஆகத் தடித்த கம்பி அதில் பாதி, 41 முறைதான் அதிரும். அதனால்தான் அந்த ஒலி காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்சுக்கு வந்துவிடுகிறது.

நம் கோயில் மேளத்தில் ஒத்து ஊதுபவரை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வர வித்துவானின் பெயர் அழைப்பிதழில் இருக்கும். தவில் வித்துவானின் பெயரும் இருக்கும். ஒத்து ஊதுபவரின் பெயர்? அவர் ஊதுவதை நிறுத்தினால்தான் அவர் இருந்தார் என்பதே தெரியும். பேஸ் வாசிப்பவரின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. ஒத்து ஒரே சுருதியில் நிற்கும். பேஸ் பாட்டோடு சேர்ந்து நடக்கும், ஏறும், இறங்கும்.

வானொலி பழுது பார்த்தவர் செய்த கருவி

இந்தக் கருவிக்கு முந்தைய அண்ணன் 'டபுள் பேஸ்'. ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பேருந்தில் ஏற்ற முடியாது. டிரம்ஸும் மின்சாரக் கித்தாரும் சேர்ந்து முழங்கினால் அதன் ஒலி அமுங்கிப் போகும். 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பால் டட்மார்க் என்பவர் மடியில் வைத்து வாசிக்கக்கூடிய மின்சார பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை.

பரவியது 1951இல். லியோ ஃபெண்டர் என்பவர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938இல் வானொலி பழுது பார்க்கும் கடை திறந்தவர். படித்தது கணக்கியல். ஆச்சரியம் என்னவென்றால், அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது! கடைக்கு வரும் இசைக்கலைஞர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான். 34 அங்குல நீளக் கம்பி, விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் உலோகக் கட்டைகள், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப். சுருதி துல்லியமாக விழுந்ததால் 'துல்லியம்' என்று பொருள்படும் 'பிரிசிஷன் பேஸ்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். இன்று உலகில் விற்கும் பெரும்பாலான பேஸ் கித்தார்கள் ஏதோ ஒரு வகையில் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

நம் மண்ணுக்கு வந்த கதை

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்ட் தம் 'ஷேடோஸ்' குழுவோடு சிங்கப்பூருக்கு வந்து பாடினார். அந்தக் காலத்து இளைஞர்களுக்கு அது ஒரு காய்ச்சல். லீட் கித்தார், ரிதம் கித்தார், பேஸ் கித்தார், டிரம்ஸ், ஒரு பாடகர் என்று இந்த வட்டாரத்தில் குழுக்கள் முளைத்தன. மலாய் மொழியில் இவற்றைக் 'குகிரான்' என்றார்கள். அவர்கள் பாடிய இசைக்குப் 'பொப் யே யே' என்று பெயர்.

நம் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கி நாடே கொண்டாடிய 'அலிகேட்ஸ்' குழுவின் தூண்கள் யார்? டேவிட் ஆறுமுகமும் 2007இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகமும். தமிழ்ச் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் எல்லா இனத்தவர் வீட்டுக்குள்ளும் நுழைந்தார்கள்.

மறுபக்கம் சென்னையில் வேறொரு மாற்றம் நடந்தது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜா அடிப்படையில் கித்தார் வாசிப்பவர். ஜி.கே. வெங்கடேஷிடம் வேலை செய்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். அவர் பாடல்களில் பேஸ் வெறும் தாளத் துணையாக நிற்காமல், பாடகருக்குப் பதில் சொல்லும் இன்னொரு குரலானது. அவர் குழுவில் நீண்ட காலம் அதை வாசித்தவர் சசிதரன். தொடக்கத்தில் நான் கேட்ட கேள்விக்குப் பல பாடல்களில் பதில் இந்தப் பெயர்தான். மலேசியாவில் பிறந்த நம் வாசுதேவனும் அதே முகாமில்தான் வளர்ந்தார். 1977இல் '16 வயதினிலே' படத்தில் அவர் குரல் ஒலித்தபோது நமக்கு எவ்வளவு பெருமை!

இதில் ஓர் அறிவியல் வேடிக்கையும் இருக்கிறது. லயத்து வீடுகளில் இருந்த சின்ன டிரான்சிஸ்டர் வானொலியின் ஒலிபெருக்கிக்கு 41 அதிர்வை எழுப்பும் சக்தி கிடையாது. பிறகு எப்படி அந்த பேஸ் கேட்டது? ஒரு கம்பி அதிரும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் கூடவே பிறக்கும. வானொலி அவற்றை மட்டும் கொடுக்க, விட்டுப்போன அடிநாதத்தை நம் மூளையே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். ஆக, நம் தாத்தா பாட்டி கேட்ட பேஸில் பாதி அவர்கள் தலைக்குள்ளேயே வாசிக்கப்பட்டது!

தோட்டத்து மேடை

இப்போது ஜொகூருக்கு வருவோம். முதலாம் எண் கூட்டரசு சாலையில் லாபிசுக்கும் யோங் பெங்கிற்கும் இடையில் இருக்கிறது சாஆ. சிகாமட் மாவட்டம். சுற்றிலும் ரப்பராக இருந்து செம்பனையாக மாறிய தோட்டங்கள். இப்படிப்பட்ட ஊர்களில் கல்யாணம் என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் இரவு நிகழ்ச்சிக்கு இசைக்குழு வரும். லோரியில் ஒலிபெருக்கிகள் வந்து இறங்கும்போதே பிள்ளைகள் கூடிவிடுவார்கள்.

பாடகர் முன்னால். கீபோர்டு ஒரு பக்கம். டிரம்ஸுக்கு அருகில், வெளிச்சம் படாத இடத்தில் ஒருவர் நிற்பார். அவர்தான் பேஸ். பகலில் அவர் பால் மரம் வெட்டியிருப்பார், அல்லது குலை அறுத்திருப்பார், அல்லது லோரி ஓட்டியிருப்பார். இரவில் சென்னைப் பாட்டை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டு மனப்பாடம் செய்ததை வாசிப்பார். இசைக்குறிப்பு எழுதிக் கொடுக்க ஆள் கிடையாது. காதுதான் வாத்தியார்.

பிறகு என்ன ஆயிற்று? கீபோர்டு வாசிப்பவரே இடது கையால் அடிநாதத்தையும் வாசிக்கத் தொடங்கினார். ஓர் ஆள் சம்பளம் மிச்சம். அதற்கும் பிறகு, இசை முழுவதும் தயாராகப் பதிவாகிய 'மைனஸ் ஒன்' வந்தது. பாடகர் மட்டும் போதும் என்றாகிவிட்டது. இடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணங்களுக்கும் சிங்கப்பூர் வேலைக்கும் போனார்கள். குழு கலைந்தது. கித்தார் அலமாரி மேல் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

ஆனாலும் அந்த நான்கு கம்பி முழுதாக ஊமையாகிவிடவில்லை. சாஆ வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த சில பேஸ் பைத்தியங்கள் இருக்கிறார்கள். அவர்களே தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள்! ஒருவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். ஒருவர் வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். வரும்போது ஒருவருக்குக் கம்பி, இன்னொருவருக்குக் குமிழ் என்று பையில் ஏதாவது இருக்கும். ஞாயிறு மாலை ஒன்றுகூடினால் வாசிப்பதைவிடப் பழுது பார்ப்பதுதான் அதிகம்.

நம் ஊர் ஈரக் காற்று இந்தக் கருவிக்குப் பெரிய சத்துரு. நான்கு கம்பிகளும் சேர்ந்து கழுத்தை ஏறக்குறைய 75 கிலோ விசையோடு இழுக்கின்றன. ஈரத்தில் மரம் கொஞ்சம் ஊதினாலும் கழுத்து வளையும். உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பினால் உள்ளே முறுக்கு போய்விடும். பொறுமை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

பேஸ் கம்பி விலை அதிகம். அதனால் செத்துப்போன கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு, இடுக்கில் சேர்ந்த வியர்வையும் எண்ணெயும் போன பிறகு நன்றாகத் துடைத்துக் காய வைத்து மறுபடி கட்டுவார்கள். கொஞ்ச காலத்துக்குப் பழைய மினுக்கு திரும்பி வரும். ஒலி குமிழைத் திருப்பும்போது கரகரத்தால், தொடர்புகளைத் துப்புரவு செய்யும் மருந்தை ஒரு பீச்சு. 'ஈய்' என்று இரைந்தால், எங்கோ ஈயப் பற்று விட்டிருக்கிறது. சாதாரணக் கித்தாரின் ஒலிபெருக்கியில் பேஸைச் செருகிச் சத்தமாக வைத்தால் அதன் தாள் கூம்பு கிழிந்துபோகும். இதையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்தான் அந்த நட்பே இருக்கிறது.

2023 மார்ச்சில் ஜொகூரைப் புரட்டிய வெள்ளத்தில் சாஆவும் மூழ்கியது நினைவிருக்கும். வெள்ளத்தில் நனைந்த மின்கருவியை வெயிலில் வைக்கக்கூடாது, மரம் வெடித்துவிடும். கம்பியைத் தளர்த்தி, பின் மூடியைத் திறந்து, நிழலில் காய விட வேண்டும். உள்ளே முழுதாகக் காயும்வரை மின்சாரத்தில் செருகவே கூடாது. இது ஏட்டில் படித்த பாடம் அல்ல. கைப்பழக்கத்தில் வந்த அறிவு.

பெயரைக் கேட்போம்

இங்கே ஓர் உண்மைச் சம்பவம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு ஒரு ஹோஃப்னர் பேஸ் கித்தார் வாங்கினார். 1972இல் அது லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து, "பார்த்தவர்கள் சொல்லுங்கள்" என்று ஊருக்கெல்லாம் வேண்டுகோள் விடுத்தார்கள். ஒரு வீட்டின் பரணில் கிடந்த அந்தக் கித்தார் அவரிடம் திரும்பிய செய்தி 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கிடைத்தது, விடாமல் கேட்டதால்தான்!

நம் பரண்களில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்டிருக்கிறோமா?

தொலைக்காட்சித் துறையில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் ஒழுக்கம் ஒன்று உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் ஒப்பனை செய்தவர் முதல் ஒளியமைத்தவர் வரை எல்லாருடைய பெயரும் திரையில் ஓட வேண்டும். பழைய ஒலிநாடா உறைகளில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் என்று மூன்று வரியோடு முடிந்துவிடும். 1990களில் ஏ.ஆர். ரஹ்மானின் உறைகளில்தான் வாசித்தவர்களின் பெயர்களைப் பார்க்கத் தொடங்கினோம். பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸ் என்ற பெயர் நமக்குத் தெரிந்தது அப்படித்தான். இன்று மும்பையின் மோகினி தே, பேஸ் கித்தாரோடு உலக மேடைகளில் முன்வரிசையில் நிற்கிறார். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்காரர்களின் பெயராவது இப்போது தெரிகிறது. நம் தோட்டத்து மேடைகளில் நின்றவர்களின் பெயர்? அவர்கள் எந்த உறையிலும் இல்லை. 1970களில் இருபது வயதில் வாசித்தவர்களுக்கு இன்று எழுபது ஆகிறது. அவர்கள் போய்விட்டால், எந்தத் தோட்டத்தில் எந்தக் குழு இருந்தது, முதல் கித்தாரை யார் எங்கே தவணையில் வாங்கினார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். ரப்பர் விலையும் ஏற்றுமதிக் கணக்கும் ஆவணத்தில் இருக்கின்றன. அந்த ரப்பரை வெட்டிய கை இரவில் என்ன வாசித்தது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

பெரிய செலவு எதுவும் இல்லை. இந்த வாரம் வீட்டில் இருக்கும் பழைய கல்யாண ஆல்பத்தை எடுங்கள். மணமக்களை விட்டுவிடுங்கள், பின்னால் இருக்கும் மேடையைப் பாருங்கள். நீளக் கழுத்துக் கித்தாரோடு ஒருவர் நிற்கிறாரா? "இவர் யாரம்மா? யாரப்பா?" என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். அவர் இன்னும் இருந்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முடிந்தால் ஒரு செட் புதுக் கம்பி வாங்கிக்கொண்டு போங்கள்.