கப்பலில் வந்தவர்களும் விமானத்தில் வருபவர்களும்



லீவு நாள்ல நம்ம கோயிலுக்கு வர்ற கூட்டத்துல இப்போ தமிழ்நாட்டுக்காரங்க நிறைய. சாமி கும்பிட்டுட்டு அவங்க கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "இவ்வளவு உயரத்துல தமிழ்க் கோயில் எப்படி வந்துச்சு?" நம்ம பிள்ளைங்க பதில் தெரியாம முழிக்கிறாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைக் குறித்து வைத்தார். 1929இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் பாரத் தேயிலையை ஆரம்பித்தது. முதலாளி யாராக இருந்தாலும் கொழுந்து பறிச்ச கை பெரும்பாலும் தமிழர் கைதான்.

அந்தக் கை எப்படி வந்துச்சு? ரெண்டு பக்க அரசாங்கமும் போட்ட ஏற்பாட்டில்தான். 1907இல் மலாயாவில் இந்தியக் குடியேற்றக் குழு அமைத்தார்கள். தோட்டக்காரர்களிடம் பணம் வசூலித்து, அந்த நிதியில் கப்பல் கூலி கட்டினார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கினால் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம். 1926இல் கட்டிய ரஜூலா கப்பலில் மேல்தட்டுப் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்ததாம். எண்ணிப் பாருங்க!

சம்பளத்தைக் குறைத்த தகராறில் 1938இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதுக்கு அப்புறமும் சொந்தபந்தம் பார்க்கக் கப்பல் ஓடியது. 1973இல் ரஜூலா நின்றது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனதோடு, அந்தக் கடல் வழியும் முடிஞ்சுபோச்சு. கப்பல் டிக்கெட்டுக்குக் காசு சேர்த்தவங்களுக்கு விமான டிக்கெட் எட்டல. எத்தனையோ வீட்டில் ஊர்த் தொடர்பு அதோட அறுந்தது.

இப்போ அதே வழி வானத்துல திறந்திருக்கு. 2008இல் ஏர் ஏசியா இந்தியாவுக்குப் பறக்க ஆரம்பிச்சப்ப முதல்ல போன ஊர் திருச்சி. 2024 டிசம்பரில் சென்னை - பினாங்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் இங்கே தங்கலாம். அதை 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். இந்தியாவும் 2024 ஜூலையிலிருந்து மலேசியர்களுக்கு 30 நாள் இ-விசாவைக் கட்டணமில்லாமல் கொடுத்தது. அந்த ஆகஸ்டில் பிரதமர் அன்வார் டில்லி போனபோது சுற்றுலா ஒத்துழைப்புக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2026 மலேசியாவுக்கு வருகை ஆண்டு.

அன்னிக்கு ரெண்டு அரசாங்கமும் பேசினப்ப நம்மள கூலி ஆளா எண்ணினாங்க. இன்னிக்குப் பேசுறப்ப அதே ஊர்க்காரங்க விருந்தாளி. ஆனா விருந்தாளி தேயிலைத் தோட்டத்தில் யாரைப் பார்க்கிறார்? வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியத் தொழிலாளர்களை. அவங்களும் நம்ம தாத்தா மாதிரி குடும்பத்தை விட்டு வந்தவங்கதான். நான் வேலை பார்க்கிற ஃபேக்டரியிலும் தமிழ்ப் பேச்சு குறைஞ்சு போச்சு. லயங்கள் காலியாகுது. நம்ம ஆளுங்க இங்கே வாழ்ந்தாங்கன்னு சொல்ல மிச்சம் இருக்கிறது கோயில்கள்தான்.

ஒப்பந்தம் ஆளைக் கூட்டி வரும். கதையை நாமதான் சொல்லணும். வீட்டுப் பெரியவங்க கிட்ட கேளுங்க: எந்த ஊர், எந்தக் கப்பல், முதலில் எந்தத் தோட்டம்? தேதியோட எழுதி வைங்க. பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், போட்டோ இருந்தா தூக்கிப் போடாம கோயிலுக்குக் கொண்டு வாங்க. நகல் எடுத்துட்டுத் திருப்பித் தர்றோம். பெரியவங்க இருக்கும்போதே செய்யணும்.

அடுத்த தடவை யாராவது கேட்டா, நம்ம பிள்ளைங்க நிமிர்ந்து நின்னு பதில் சொல்லட்டும்.

முருகா சரணம்.