கீழாநெல்லியும் மஞ்சளாகாத காமாலையும்

மேட்டூர் பக்கம் யாருக்காவது கண்ணு மஞ்சளாயிடுச்சுன்னா முதல்ல ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. வாய்க்கா மேட்டுல கீழாநெல்லி முளைச்சிருக்கான்னுதான் தேடுவாங்க. இலைக்கு அடியில வரிசையா குட்டிக் குட்டி நெல்லிக்காய் மாதிரி காய் இருக்கிற செடி, பேரே அதனாலதான். வேரோட புடுங்கி, அரைச்சு, ஒரு உருண்டை ஆட்டுப்பால்ல கலக்கி வெறும் வயித்துல. எண்ணெய் கிடையாது, கறி கிடையாது, உப்புகூட அளவுதான். சில வாரத்துல கண்ணு வெளுத்துடும். செடிக்குப் பேரு கிடைச்சிடும்.

பாட்டி வைத்தியம்னு சிரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். இந்தச் செடி நோபல் பரிசு வாங்கின ஒருத்தரோட லேப் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு.

அவர் பேரு பரூக் புளூம்பெர்க். 1960களில் ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரோட ரத்த மாதிரியில ஒரு விசித்திரமான புரதத்தைப் பார்த்தார். அது ஹெபடைடிஸ் பி வைரஸோட மேலுறைன்னு பிறகு தெரிஞ்சது. 1976ல் நோபல். அதுக்கு அப்புறம் அந்த வைரஸுக்கு மருந்து தேட ஆரம்பிச்சப்போ, உலகம் முழுக்க காமாலைக்குன்னு சொல்லப்பட்ட மூலிகைகளைப் பார்த்திருக்காங்க. அப்படித்தான் நம்ம கீழாநெல்லி பிலடெல்பியா போய்ச் சேர்ந்தது. வுட்சக்னு அமெரிக்காவுல ஒரு பிராணி, கொழுத்த பெருச்சாளின்னு வெச்சுக்குங்க. அதுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வைரஸ் வரும். கீழாநெல்லிச் சாறு கொடுத்ததுல சில பிராணிகளுக்கு வைரஸ் குறைஞ்சதா 1987ல் கட்டுரை வந்தது.

அடுத்தது நம்ம சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில, புளூம்பெர்க் குழுவும் சேர்ந்து ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமக்கிறவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தாங்க. 1988ல் 'லான்செட்'ல முடிவு வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல அந்தப் புரதம் காணாமப் போச்சு. வெறும் போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்கு மட்டும்தான். படிக்கும்போது எனக்கே புல்லரிச்சது. நம்ம வாய்க்கா மேட்டுச் செடி, லான்செட்ல!

ஆனா அடுத்த கட்டத்துல கதை தடுமாறுது. 1990லேயே தாய்லாந்துல செஞ்சு பார்த்தாங்க, பலன் இல்லை. வேற நாடுகள்லயும் முதல் ஆய்வு மாதிரி வரலை. செடியோட ரகம் வேற, மண் வேற, பறிக்கிற பருவம் வேறன்னு வாதங்கள் உண்டு. (எந்தச் செடிங்கிறதுலயே குழப்பம். 1987 கட்டுரையில பிலாந்தஸ் நிரூரி, 1988ல பிலாந்தஸ் அமாரஸ்!) இருந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2011ல் காக்ரேன் குழு அலசினப்போ, நம்பி மருந்தாக் கொடுக்குற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னுதான் முடிச்சாங்க. என்னைக் கேட்டா, ஊர் நம்பிக்கையை எடுத்துச் சோதிச்சுப் பார்த்ததே பெரிய விஷயம்.

அப்ப ஊர்ல கண்ணு வெளுத்தது? அங்கதான் இருக்கு சூட்சுமம். மஞ்சள் காமாலைங்கிறது ஒரு எரர் மெசேஜ் மாதிரி. திரையில ஒரே வரி, பின்னாடி வேற வேற பக். கெட்டுப்போன தண்ணி, சாப்பாடு வழியா வர்ற ஏ, ஈ ரெண்டும் பெரும்பாலும் சில வாரத்துல தானாவே அடங்கிடும் (கர்ப்பிணிகளுக்கு ஈ ரொம்ப ஆபத்து, அதை மட்டும் வீட்டு வைத்தியத்துக்கு விடாதீங்க). கீழாநெல்லி குடிச்சாலும் அதே நாள்தான், குடிக்காட்டியும் அதே நாள்தான். நம்ம செடி சம்பாதிச்ச பேர்ல பாதிக்கு மேல இந்த ரெண்டு பேரோட புண்ணியம்னு நினைக்கிறேன்.

இந்த வரிசையில சேராத திருட்டுப்பயல் ஒருத்தன் உண்டு. ரத்தம் ஏத்திக்கிட்ட சிலருக்கு கல்லீரல் வீங்குது, டெஸ்ட் பண்ணா ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. அமெரிக்காவுல ஹார்வி ஆல்டர் குழு 1970களில் கவனிச்சது இது. பேரு வைக்கத் தெரியாம 'ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத' ஹெபடைடிஸ்னே பல வருஷம் கூப்பிட்டாங்க. 1989ல் மைக்கேல் ஹௌட்டன் குழு வைரஸைக் கண்ணால பார்க்காமலேயே அதோட மரபணுத் துண்டை மட்டும் பிடிச்சாங்க. அதுதான் ஹெபடைடிஸ் சி. ஆல்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூணு பேருக்கும் 2020ல் நோபல்.

சி-யோட குணம் என்னன்னா, பெரும்பாலானவங்களுக்கு கண்ணு மஞ்சளாகவே ஆகாது. சோர்வு, அவ்வளவுதான். தொற்று வந்த பத்து பேர்ல ஏழு பேர் கிட்ட உடம்புலயே தங்கிடும். அதுல சிலருக்கு இருபது வருஷத்துல கல்லீரல் சுருங்கி சிரோசிஸ். கூட குடியும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். மஞ்சளைப் பார்த்தாத்தானே நாம கீழாநெல்லியே தேடுவோம்?

நம்ம நாட்டு ரத்த வங்கிகள்ல சி-க்கான பரிசோதனை கட்டாயமானது 2001-02 வாக்குலதான். காசுக்கு ரத்தம் விக்கிறது 1998 ஜனவரில இருந்துதான் தடை, அதுவும் உச்ச நீதிமன்றம் 1996ல் சொன்ன பிறகு. அதுக்கு முன்னாடி பிரசவத்துலயோ, ஆபரேஷன்லயோ, பஸ் விபத்துலயோ ரத்தம் ஏத்திக்கிட்டவங்க நம்ம அப்பா அம்மா வயசுல நிறைய பேர். ஒரே ஊசியை நாலு பேருக்குப் போட்ட காலமும் அதுதான். டயாலிசிஸ் செய்துக்கிறவங்களுக்கும் அபாயம் அதிகம். பி-க்கு இருக்கிற மாதிரி இதுக்குத் தடுப்பூசி கிடையாது.

ஆனா மருந்து இருக்கு, பிரமாதமா இருக்கு. சோபோஸ்புவிர் 2013 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதியாச்சு. ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், பன்னிரண்டு வார கோர்ஸுக்கு 84,000 டாலர்! 2014ல் இந்திய கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கிடைச்சு விலை மளமளன்னு சரிஞ்சது. 2018 ஜூலை 28ல் (புளூம்பெர்க் பிறந்த நாள், உலக ஹெபடைடிஸ் தினமும் அதான்) தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து அரசு சிகிச்சை மையங்கள்ல இலவசம். சாதாரணமா மூணு மாசம் மாத்திரை, நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு பேர் வரைக்கும் வைரஸ் முழுசாப் போயிடுது.

டெஸ்ட் எடுக்கும்போது ஒண்ணு கவனிங்க. முதல்ல எடுக்கிறது ஆன்டிபாடி டெஸ்ட். அது பாசிட்டிவ்னா வைரஸ் எப்பவோ உடம்புக்குள்ள வந்திருக்குன்னுதான் அர்த்தம், இப்பவும் இருக்கான்னு சொல்றது ஆர்.என்.ஏ. டெஸ்ட். குணமானவங்களுக்கும் பல வருஷம் முதல் டெஸ்ட் பாசிட்டிவாவே வரும். அதைப் பார்த்துட்டு மறுபடியும் வாய்க்கா மேட்டுக்கு ஓட வேண்டியதில்லை :)